உதவி கேட்டவர்களின் பட்டியல்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதல் மாதத்திலேயே யாராவது கேட்பார்கள்: "மிஸ், இவ்வளவு கூட்டம் போடுறீங்களே, குடு பாவிக்கிறவங்க கொறஞ்சிருக்காங்களா?" ஹெரோயினுக்கு எங்கள் பக்கம் குடு என்றுதான் பெயர். இந்தக் கேள்வியைத் தோட்டத்தில் கேட்பார்கள், பஸ்ஸில் கேட்பார்கள், சொந்த வீட்டிலும் கேட்பார்கள்.

நான் பிரதேச செயலகத்தில் போதைத் தடுப்பு உத்தியோகத்தராக இருந்த காலம் முழுவதும் இதற்கு எழுத்தில் ஒரே பதிலைத்தான் கொடுத்தேன். குறைந்திருக்கிறது. கைதுகள் கூடிய வருடம், நடவடிக்கை தீவிரமாக நடப்பதால் வெற்றி என்று எழுதினோம். கைதுகள் குறைந்த வருடம், பாவனை குறைந்துவிட்டதால் வெற்றி என்று எழுதினோம். இரண்டிலும் என் கையெழுத்து இருக்கிறது. தோற்பதற்கு வழியே இல்லாத வேலை அது.

வெற்றிக் கதை ஒன்று சொல்லும்படி உங்கள் பயிற்சிக்குப் பொறுப்பானவர் கேட்டார். என்னிடம் இருப்பது ஒரு குடும்பத்தின் கதை. அது வெற்றியா என்று எனக்குத் தெரியாது. என் தவறு அதில் இருக்கிறது, அதனால் உங்களுக்கு உதவும்.

தெஹியோவிட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். பெயர் வேண்டாம். நானும் தோட்டத்துப் பிள்ளைதான், கொடகவெல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தமிழ் பேசத் தெரிந்த உத்தியோகத்தர் நான் ஒருத்திதான் என்பதால் அந்தப் பகுதியை எனக்குக் கொடுத்தார்கள். கூட்டங்களைப் பிள்ளைக்காம்பராவில் வைப்பேன். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது, பின்னேரங்களில் காலியாக இருக்கும். சுவரில் யானையும் அன்னாசிப்பழமும் வரைந்திருக்கும். அவற்றுக்கு நடுவே நான் பழுதுபட்ட நுரையீரலின் படத்தைத் தொங்கவிடுவேன். வளர்ந்த ஆண்கள் குழந்தைகளின் நாற்காலிகளில், முழங்கால் நெஞ்சைத் தொட, உட்கார்ந்து கேட்பார்கள். முடிந்ததும் தேத்தண்ணியும், பணிஸ் என்கிற இனிப்பு பன்னும் கொடுப்போம். மாத அறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுத ஓர் இடம் உண்டு. எத்தனை பேர் விட்டார்கள் என்று எழுத இடம் இல்லை.

ஒரு நாள் எல்லோரும் போன பிறகு ஒருவர் மட்டும் நின்றார். கையில் பணிஸ் அப்படியே இருந்தது. அவரைச் சிவலிங்கம் என்று வைத்துக்கொள்வோம். அது அவருடைய பெயரல்ல. ஏன் மாற்றினேன் என்பது போகப் போகத் தெரியும். முப்பத்திரண்டு வயது, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலை. அவருடைய வெட்டு சுத்தமாக இருக்கும் என்று கங்காணியே சொல்வார்.

"மிஸ், இத நிப்பாட்ட முடியுமுங்களா?" என்று கேட்டார்.

"எவ்வளவு காலமா பாவிக்கிறீங்க?"

"ரெண்டு வருசமா. மழ நாள்ல மரம் நனைஞ்சா வெட்டு இல்ல. சும்மா இருக்கிற நாள்ல ஒருத்தன் கூப்பிட்டான், போனேன். இப்ப வெயில் நாள்லயும் போறேன்."

"பேர் எழுதிக்கணும்."

"எழுதினா அது எங்க போகும் மிஸ்?"

"எங்கயும் போகாது. என் கோப்புல இருக்கும்."

நான் பொய் சொல்லவில்லை. எங்கும் போகாது என்று நானும்தான் நம்பினேன்.

அவிசாவளையில் இதற்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டொக்டரிடம் அனுப்பிவைத்தேன். முதல் வாரம் அவருடைய மனைவி தொலைபேசியில் பேசினார். அவரை மலர் என்று சொல்வோம். அவரும் அதே தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். "மூணு நாளா அவரு தூங்கல மிஸ். நானும் தூங்கல. ஒடம்பு முறிக்குதுன்னு சொவத்துல முட்டிக்கிறாரு," என்றார். மூன்றாவது மாதம் மறுபடி பேசினார். "இப்ப ரெண்டாவது தரம் சோறு கேக்குறாரு மிஸ்." அவ்வளவுதான் சொன்னார். என்னுடைய வேலையில் அதுவரை யாரும் எனக்கு அதைவிட நல்ல செய்தி சொன்னதில்லை.

அந்த மாதம்தான் சுற்றறிக்கை வந்தது. நாடு முழுவதும் பெரிய தேடுதல். ஒவ்வொரு பிரிவும் பாவனையாளர்களை இனங்கண்டு, அன்று பின்னேரம் நாலு மணிக்குள் பட்டியல் அனுப்ப வேண்டும். மற்றப் பிரிவுகளில் பட்டியல் இல்லை. என்னிடம் இருந்தது. மேலதிகாரி மற்றவர்கள் முன்னால் என்னைப் பாராட்டினார். யாருக்கு அனுப்புகிறோம் என்று நான் கேட்கவில்லை. எல்லோரையும் வைத்தியத்துக்கு அனுப்பத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன், அல்லது அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. பெயர்களை அகரவரிசையில், சிங்களத்திலும் தமிழிலும், எழுத்துப் பிழை இல்லாமல் தட்டச்சு செய்து மூன்றரைக்கே அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடியிருந்தபோது பொலிஸார் வந்தார்கள். ஒரு தாளைப் பார்த்துப் பெயர்களைப் படித்தார்கள். பெயர் படிக்கப்பட்டவர்கள் வழக்கம்போல "ஐயா" என்று குரல் கொடுத்தார்கள். வேலை பிரிக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள்.

மலர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உடனே பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கே ஓய்வுபெறும் வயதில் ஒரு சார்ஜன்ட் இருந்தார். மேசையில், நாலாக மடித்துப் பிரித்த தாள். என் தட்டச்சு.

நாங்கள் சிங்களத்தில் பேசினோம்.

"இவர்களிடம் ஏதாவது கிடைத்ததா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"அப்படியென்றால் ஏன் பிடித்தீர்கள்?"

"பட்டியலில் இருக்கிறார்கள்."

"அந்தத் தோட்டத்தில் விற்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். கையும் களவுமாக அகப்படமாட்டான். உங்கள் பட்டியலிலும் அவன் இல்லை."

"சேர், அது உதவி கேட்டு வந்தவர்களின் பட்டியல்."

அவர் தாளை எடுத்து மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார். "மேலே அப்படி எழுதவில்லையே," என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. எனக்குத் தேத்தண்ணி வரவழைத்தார். மலரை உள்ளே விட்டுக் கணவனோடு பேச வைத்தார். நான் எழுந்தபோது சொன்னார்: "மிஸ், இனி ஒரு பெயரை எழுதும்போது, அந்தத் தாள் காலை ஐந்தரைக்கு என்னைப் போன்ற ஒருவனின் கையில் இருக்கும் என்று நினைத்து எழுதுங்கள். நான் தாளில் இருப்பதைத்தான் செய்வேன்."

என் சேவைக்காலத்தில் பல பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன். எனக்குப் பயன்பட்ட பாடம் இதுதான்.

சிவலிங்கம் பாவித்ததை நீதிமன்றத்தில் மறைக்கவில்லை. நிப்பாட்டி மூன்று மாதம் ஆகிறது என்றும் சொன்னார், அதற்கு ஆதாரம் இல்லை. டொக்டரின் கடிதத்தோடு நான் போனபோது வழக்கு அடுத்த தவணைக்குப் போயிருந்தது. வழக்கு முடியும்வரை அடைத்துவைக்கும் விளக்கமறியலும் புனர்வாழ்வு நிலையமுமாக மாதங்கள் ஓடின. விளக்கமறியலில் அவருக்குப் பக்கத்தில் படுத்தவர் விற்பவரின் சொந்தக்காரர். அதுவரை சிவலிங்கத்துக்குத் தெரிந்தது வாங்கும் இடம் மட்டும். திரும்பி வந்தபோது சாமான் வரும் வழியும் தெரிந்திருந்தது.

தோட்டத்தில் மூன்று வாரம் குடு கிடைக்கவில்லை. அது உண்மை, அதையும் சொல்ல வேண்டும். அந்த மூன்று வாரத்தில் சிலர் மாத்திரைக்கு மாறினார்கள். நாலாவது வாரம் அதே சாமான் வேறு நிற ஆட்டோவில் வந்தது. அந்த வருடம் எங்கள் பிரிவுக்கு ஒரு சான்றிதழ் கிடைத்தது, அதை என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார்கள்.

நான் மலரைப் பார்க்கப் போனேன். லயத்தில், வரிசையாக ஒட்டிய அறைகளில் ஒன்றின் வாசலில் நின்றபடியே பேசினோம். மன்னிப்புக் கேட்க நிறைய வார்த்தைகள் யோசித்துப் போயிருந்தேன்.

"நீங்க வேணும்னு செய்யலன்னு தெரியும் மிஸ்," என்றார் மலர். "ஆனா நீங்க எழுதாம இருந்திருந்தா, இவரு இன்னும் கொஞ்ச நாளு நல்லா இருந்திருப்பாரு."

திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அதன் பிறகும் கூட்டங்களுக்கு ஆட்கள் வந்தார்கள். பணிஸைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றாக எழுந்து ஒன்றாகப் போனார்கள். யாரும் பின்தங்கி நிற்கவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே போனது. நான் பெயர் எழுதுவதை விட்டேன். டொக்டரிடம் போக விரும்புகிறவர் எந்த நாள் எந்த பஸ்ஸில் வருகிறார் என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டேன். பிறகு ஒருவர் நின்றார். அடுத்த மாதம் இன்னொருவர். சிவலிங்கம் மட்டும் வரவில்லை.

சில வருடங்கள் கழித்து அமைச்சர் மாறினார். புதிய பெயரில் மறுபடியும் பெரிய தேடுதல். சுற்றறிக்கையின் வாசகங்கள் எனக்குப் பாடமாகிவிட்டிருந்தன. பட்டியல் மறுநாள் வேலை முடியும் முன் வேண்டும் என்றார் மேலதிகாரி. இவர் வேறு ஆள், சிங்களவர், என்னைவிட வயதில் குறைந்தவர், நேர்மையானவர்.

அன்று பின்னேரம் மலர் அலுவலகத்துக்கு வந்தார். அதற்கு முன் அங்கே வந்ததில்லை. வெளியே வந்து பேசலாமா என்றார். வாகனம் நிறுத்தும் இடத்தில் நின்றோம்.

"மிஸ், லிஸ்ட் கேட்டிருக்காங்களாமே."

"ஆமா."

"இவரு பேர குடுத்துருங்க."

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று பார்த்தேன்.

"இப்ப இவரு பாவிக்கிறது மட்டுமில்ல மிஸ். கொண்டு போய் குடுக்கவும் செய்றாரு. அதுக்குக் கூலியா இவருக்குச் சாமான் கெடைக்குது. போன வாரம் எங்க லயத்துலயே ஒரு பொடியனுக்குக் குடுத்திருக்காரு. அந்தப் புள்ளையோட அம்மாவும் நானும் ஒரே மலையில பால் வெட்டுறோம். நாளைக்கு அவ மொகத்துல எப்புடி முழிக்கிறது?"

"நீங்களே பொலிஸ்ல சொல்லலாம்."

"நான் சொன்னா காட்டிக் குடுத்த பொண்டாட்டி. நீங்க சொன்னா ஒங்க வேல."

இதற்கு எந்தப் பயிற்சியிலும் பதில் சொல்லித்தரவில்லை. முதல் முறை கொடுக்கக் கூடாத பெயரைக் கொடுத்தேன். இப்போது அதே பெயரைக் கொடுக்கும்படி அவருடைய மனைவியே கேட்கிறார், அதற்கு நியாயமும் இருக்கிறது. விற்பனைக்கு வைத்திருந்து பிடிபட்டால் இந்த முறை மாதக்கணக்கில்லை, வருடக்கணக்கு. கொடுக்காவிட்டால் நாளைக்கு இன்னொரு லயத்தில் இன்னொரு பிள்ளை.

"எனக்கு நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் குடுங்க," என்றேன். "நீங்க இங்க வந்தத அவர்கிட்ட சொல்லலாமா?"

"சொல்லுங்க. நான்தான் சொன்னேன்னே சொல்லுங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு, பாலை எடை போட்டுவிட்டு ஆட்கள் இறங்கும் நேரத்தில், தோட்டத்துப் பாதையில் சிவலிங்கத்தைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். தேடுதலைப் பற்றி நான் சொல்லவில்லை. அவசியமும் இல்லை, அமைச்சர் அதைத் தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நேத்து மலர் ஆபீஸுக்கு வந்தாங்க," என்றேன். "ஒங்க பேர பொலிஸுக்குக் குடுக்கச் சொன்னாங்க."

"அவளா?"

"ஆமா."

வெட்டுக்கத்தியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அவ சொல்லியிருக்க மாட்டா மிஸ்."

"வீட்டுக்குப் போய்க் கேளுங்க. நான் இங்கயே இருக்கேன். கேட்டுட்டு வந்தா அவிசாவளைக்குப் போகலாம். வராட்டி நான் தனியா போயிருவேன்."

போனார். அரை மணித்தியாலத்தில் முகம் கழுவி, சட்டை மாற்றி, தோளில் ஒரு பையோடு வந்தார். வீட்டில் என்ன பேசினார்கள் என்று இருவரும் இதுவரை எனக்குச் சொல்லவில்லை.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. எனக்கு ஜன்னலோரம். கொஞ்ச தூரம் போனதும் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "மிஸ், பையில சாமான் இருக்கு."

"எவ்வளவு?"

அவர் சொன்ன அளவை உங்களிடம் சொல்லப் போவதில்லை. சொந்தப் பாவனைக்கு என்று எந்த நீதவானும் நம்பக்கூடிய அளவில்லை.

"ஏன் எடுத்துட்டு வந்தீங்க?"

"வீட்டுல வச்சா மலர் மாட்டிக்குவா."

எதிரே வந்த பஸ்ஸின் சாரதி எங்கள் சாரதிக்குக் கை காட்டினார். முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று அர்த்தம். சிவலிங்கம் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது உத்தரவு போடுவேன் என்று காத்திருந்தார். நான் அரசாங்க உத்தியோகத்தர், பையில் அடையாள அட்டை இருக்கிறது. பொலிஸிடம் நானே சொல்ல வேண்டியது என் கடமை. சொன்னால் அவர் டொக்டரிடம் போகமாட்டார், நேராக உள்ளே போவார், இந்த முறை இன்னும் பெரிய ஆட்களின் பக்கத்தில் படுப்பார்.

"ஒங்க பை. நீங்கதான் முடிவு பண்ணணும்," என்றேன்.

அவர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "மிஸ், நான் ஜன்னல் பக்கம் ஒக்காந்துக்கவா?"

எழுந்து இடம் மாற்றிக்கொண்டோம். பாதை சீதாவாக்கை ஆற்றை ஒட்டிப் போகும் இடம் அது. நான் கொண்டக்டரின் டிக்கட் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொலிஸ்காரர் ஏறினார். என் அட்டையைப் பார்த்தார். சிவலிங்கத்தின் பையைத் திறந்தார். ஒரு சாரமும் துவாயும் பல்துலக்கும் தூரிகையும் இருந்தன. "எங்கே போகிறீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். "மருந்து எடுக்க," என்று சிவலிங்கம் அழகான சிங்களத்தில் பதில் சொன்னார்.

நீங்களும் இப்படிச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. சட்டப்படி நான் செய்தது குற்றமாகக்கூட இருக்கலாம். அப்போது அவர் கையில் எஞ்சியிருந்த ஒரே முடிவை அவரே எடுக்கட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் ஒரு ஓட்டை இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அவரை வார்டில் சேர்த்துவிட்டு மூன்று மணிக்கு அலுவலகம் வந்தேன். மேலதிகாரி காத்திருந்தார்.

"பட்டியல்?"

"பெயர் தர முடியாது, சேர். இரகசியம் காப்பேன் என்று சொல்லி வாங்கிய விஷயங்கள். எத்தனை பேர் வைத்தியத்தில் இருக்கிறார்கள் என்று எழுதித் தருகிறேன்."

"மேலே அதை ஏற்கமாட்டார்கள்."

"தெரியும், சேர்."

"நான் உங்களிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்."

"எழுதுங்கள், சேர்."

பேனாவைத் திறந்து மூடினார். "பதில் எழுத எத்தனை நாள் வேண்டும்?"

"பதினாலு நாள் தரலாம் என்று விதி இருக்கிறது."

பதினாலு நாள் தந்தார். அதற்குள் தேடுதல் வேறு மாவட்டத்துக்கு நகர்ந்துவிட்டது. அந்தக் கடிதம் என் கோப்பில் கிடந்து என் பதவி உயர்வைப் பிந்தச் செய்தது. தண்டனை என்று பார்த்தால் மலிவுதான்.

இனி அந்த ஓட்டை. நான் பொலிஸைப் பற்றி மட்டும்தான் யோசித்திருந்தேன். ஆற்றில் போனது சிவலிங்கத்தின் சொந்தச் சாமான் அல்ல. மூன்றாம் நாள் விற்பவர் ஆட்டோவில் லயத்துக்கு வந்து, "ஒம் புருசன் எங்க, சாமான் எங்க?" என்று மலரிடம் கேட்டிருக்கிறார். கழுத்தில் கை வைத்ததாகவும் சொன்னார்கள். நான் எடுத்த நல்ல முடிவுக்கு விலை கொடுக்க வேண்டிய இடத்தில் நின்றது மலர். முதல் முறையும் அவர்தான் நின்றார். இதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

மலர் எனக்குத் தொலைபேசியில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் மகளை விட்டுவிட்டு நேராகப் பொலிஸ் நிலையத்துக்குப் போனார். துணைக்கு அந்தப் பொடியனின் தாய் போனார். தன்னை மிரட்டியதைச் சொல்லி, ஆட்டோவின் இலக்கத்தையும் ஆள் எங்கே நிற்பார் என்பதையும் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தார். கையெழுத்தும் போட்டார். அன்று பின்னேரமே விற்பவரைச் சாமானோடு பிடித்தார்கள். என் சேவைக்காலத்தில் அந்தத் தோட்டத்தில் விற்பவர் ஒருவர் பிடிபட்டது அந்த ஒரு முறைதான். எங்கள் அறிக்கையில் அது விழிப்புணர்வுக் கூட்டங்களின் பலன் என்று பதிவாகியிருக்கிறது. இரண்டு மாதத்தில் வேறொருவர் விற்க வந்தார். அது பதிவாகவில்லை.

"பொலிஸுக்குப் போனா காட்டிக் குடுத்த பொண்டாட்டின்னு பேரு வரும்னு சொன்னீங்களே," என்று பிறகு மலரிடம் கேட்டேன்.

"அது புருசனக் காட்டிக் குடுத்தா மிஸ். இது வேற ஆளு," என்றார்.

அரசாங்கத்தின் கொள்கை தோற்றது என்று நான் சொன்னதாக வெளியே போய்ச் சொல்லாதீர்கள். அவிசாவளை டொக்டரை அனுப்பியதும் அரசாங்கம்தான். அவருடைய மருந்தும் வார்டுக் கட்டிலும் அரசாங்கத்துடையவைதான். அங்கே போகிற ஆட்களின் வரிசை தேடுதல் வந்த மாதங்களில் குறையும், தேடுதல் ஓய்ந்த மாதங்களில் கூடும். மருந்து கொடுக்கிற அரசாங்கத்தைக் கண்டு, பிடிக்கிற அரசாங்கம் என்று நினைத்து ஆட்கள் ஒளிந்துகொள்வார்கள். நடுவில் நிற்கப்போவது நீங்கள். உங்கள் முகத்தைப் பார்த்து, நீங்கள் எந்த அரசாங்கம் என்று அவர்கள் முடிவு செய்வார்கள். ஒரு முறை பிழையாக முடிவு செய்தால் திருத்த இரண்டு வருடம் போகும். எனக்குப் போனது.

சிவலிங்கம் வார்டிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பாமல், இரத்தினபுரிக்கு அப்பால் அண்ணன் வேலை செய்யும் தோட்டத்தில் எட்டு மாதம் இருந்தார். அங்கே ஒரு முறை மறுபடி பாவனையில் விழுந்தார். திரும்பி வந்த பிறகு இன்னொரு முறை. இரண்டு முறையும் தானாகவே பஸ் ஏறி அவிசாவளைக்குப் போனார். அவர் கொடுத்துப் பழக்கிய அந்தப் பொடியன் கொழும்பில் வேலை என்று போய்விட்டான், என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் அவனுடைய தாய் வேறு பேச்சுப் பேசுவார்.

இப்போது நான் ரம்புக்கனையில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகும் மாதத்தில் ஒரு தடவையாவது மலர் பேசுவார். போன வாரமும் பேசினார். வேலைப் பழக்கம் போகவில்லை, முதலில் அதைத்தான் கேட்டேன்.

"எப்படி இருக்கார்?"

"நேத்து வேலைக்குப் போனாரு மிஸ். இன்னைக்கும் போயிருக்காரு."

"இனி பயமில்லன்னு நினைக்கிறீங்களா?"

"நாளைக்கு விசயத்த நாளைக்குக் கேளுங்க மிஸ்," என்று சொல்லிவிட்டு, மகளுக்குப் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குத் தவிர எல்லாம் சரி, கணக்கு சொல்லிக்கொடுக்க தெஹியோவிட்டையில் எனக்குத் தெரிந்த டீச்சர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.